சென்னைக் கடற்காற்றை வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்த்தேன்: கரையோரத் தண்ணீரைச் சரிசெய்த பதிவு

சென்னையில் மே மாத மதியம் எப்படிப் போகும் என்பது ஒரே கேள்வியில் நிற்கிறது: கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வரும்? பன்னிரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டால் நுங்கம்பாக்கத்தில் வெயில் 37 டிகிரியோடு அடங்கிவிடும். மேற்குக் காற்று பலமாக வீசி, இரண்டு மூன்று மணி வரை அதைக் கரைக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்தால் 41, 42 என்று ஏறிக்கொண்டே போகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொட்டதே ஜூன் 8-ல்தான்.

சென்ட்ரிங் கம்பி கட்டுகிறவருக்கும், தள்ளுவண்டியோடு தெருவில் நிற்கிறவருக்கும் இந்த இரண்டு மணி நேரம் சாதாரண விஷயம் அல்ல. காற்று வந்த பிறகும் எல்லாம் சுகமாகிவிடாது. வெப்பம் குறையும், ஈரப்பதம் ஏறும், புழுக்கம் ஆரம்பிக்கும். வானிலை அறிக்கையில் வரும் அதிகபட்ச வெப்பநிலை என்ற ஒற்றை எண்ணில் இது எதுவும் தெரியாது. கடற்காற்று வரும் நேரத்தை என் வீட்டுக் கணினியில் ஒரு வானிலை மாடலை ஓட்டிக் கணிக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன். கடைசியில் என் நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது வளிமண்டலம் அல்ல, கரையை ஒட்டிய ஒரு சிறிய பட்டைக் கடல்தான். அந்தத் தண்ணீரின் வெப்பநிலை தப்பாக இருந்தால், மற்ற எந்த நுணுக்கத்தைக் கூட்டினாலும் பலன் இல்லை. இதைச் செய்யப் போகிறவர்கள் என் அளவுக்கு அலைய வேண்டாம் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

கருவியும் கட்டமும்

மாடல், டபிள்யூஆர்எஃப். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையம் முன்னின்று வளர்த்தது. இலவசம், மூலநிரலும் கையில் கிடைக்கும். எட்டு கோர் உள்ள சாதாரண டெஸ்க்டாப், 32 ஜிபி நினைவகம், உபுண்டு. ஒரு நாள் வானிலையை 1 கிலோமீட்டர் நுணுக்கத்தில் ஓட்ட, இரவு படுக்கும்போது தட்டிவிட்டால் காலைக்குள் முடிந்துவிடும். மே மாதத்தில் கரன்ட் போகும் ஊர் என்பதால் யுபிஎஸ் மட்டும் போதாது. மாடல் நேரத்தில் மூன்று மணிக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கோப்பு எழுதச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நிறுவுவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நெட்சிடிஎஃப் (தரவுக் கோப்புகளுக்கான நூலகம்), எம்பிஐ (பல கோர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்கும் நூலகம்), டபிள்யூஆர்எஃப் மூன்றையும் ஒரே ஃபோர்ட்ரான் கம்பைலரால் கட்டுங்கள். இதைப் பின்பற்றினால் இணையத்தில் தேடவைக்கும் பிழைகளில் பாதி வரவே வராது.

ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டங்கள் வைத்தேன்; அவற்றில் உள்ள ஒவ்வொரு சதுரத்தின் அகலம் முறையே 9, 3, 1 கிலோமீட்டர். வெளிக் கட்டம் தென்னிந்தியாவையும் வங்கக் கடலின் தென்மேற்குப் பகுதியையும் மூடுகிறது. உள் கட்டம் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டி, தெற்கே கல்பாக்கத்தைத் தாண்டி, மேற்கே காஞ்சிபுரம், அரக்கோணம் வரை. கிழக்கே கடலுக்குள் எண்பது கிலோமீட்டர் போல. கட்டத்தின் விளிம்பு கரையோடு ஒட்டிப் போகவே கூடாது. கடற்காற்று பிறப்பது கடலுக்கு மேலேதான். சிலர் நகரம் மட்டும் வேண்டும் என்று கடல் பக்கத்தை இருபது கிலோமீட்டரில் வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 1 கிலோமீட்டர் கட்டம் தன் கடற்காற்றைத் தானே உருவாக்காமல், 3 கிலோமீட்டர் கட்டம் கொடுத்ததையே வாங்கி உள்ளே விடுகிறது.

கால அடிக்கு, அதாவது மாடல் ஒவ்வொரு கணக்கிலும் முன்னேறும் நேரத்துக்கு, பொதுவான வழி, கட்டத்தின் கிலோமீட்டர் அளவை ஆறால் பெருக்கி விநாடியாக வைப்பது. 9 கிலோமீட்டருக்கு 54 வரும். நான் 45 வைத்தேன். மாலையில் இடிமேகம் எழும்போது மேல்நோக்கிய காற்று வேகம் எல்லை மீறி ரன் கவிழ்வது அதனால் நின்றது. செங்குத்தாக 50 அடுக்கு, அதில் ஒரு டஜனுக்கு மேல் முதல் ஒரு கிலோமீட்டருக்குள். சென்னைக் கடற்காற்று தடிமனான ஒன்று அல்ல; பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அதை இரண்டு மூன்று அடுக்கில் பிடிக்கப் பார்த்தால் அதன் முகப்பு கரைந்தே போகும்.

தொடக்க, எல்லைத் தரவு ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5, அதாவது கடந்த கால வானிலையின் உலகளாவிய தரவு. மணிக்கொரு முறை, 0.25 டிகிரி இடைவெளியில் கிடைக்கும். நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய 27 கிலோமீட்டர். இந்த 27-ஐ நினைவில் வையுங்கள், பிறகு வருகிறது.

ஒப்பிட, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மெட்டார் எனப்படும் அரைமணிக்கொரு வானிலை அறிக்கை. கடற்காற்று வந்த நேரம் அதில் தெளிவாகவே தெரியும். நான் எடுத்துக்கொண்ட மே மாதக் கடைசி நாளில் மேற்கிலிருந்து 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) காற்று. அடுத்த அறிக்கையில் தென்கிழக்கு. காற்றின் ஈரத்தைக் காட்டும் பனிநிலை வெப்பம் 18-லிருந்து 25-க்குத் தாவல். அதற்கடுத்த அறிக்கையில் வெப்பநிலை நான்கு டிகிரி சரிவு. மதியம் ஒன்றரை மணி அளவில் இது நடந்தது. மாடலிலும் அதே புள்ளிக்கு ஒரு நிலையப் பட்டியல் கோப்பு கொடுத்துவிட்டால் ஒவ்வொரு கால அடிக்கும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எழுதித் தரும். மணிக்கொரு வரைபடத்தை வைத்துக்கொண்டு காற்று எப்போது திரும்பியது என்று ஊகிக்கத் தேவையில்லை. மாடல் எல்லாவற்றையும் உலக நேரத்தில் எழுதும் என்பதால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

சூடான பட்டை

முதல் ரன்னில் மீனம்பாக்கத்தில் காற்று திரும்பியது மாலை நான்கு மணிக்கு மேல். வேகமும் நோஞ்சான். அதிகபட்ச வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் கூடுதல்.

இப்படி வந்தால் எல்லோரும் முதலில் கைவைப்பது எல்லையடுக்குத் திட்டத்தில், அதாவது தரையை ஒட்டிய காற்று எப்படிக் கலக்கிறது என்று கணக்கிடும் பகுதியில். ஒய்எஸ்யு என்ற திட்டத்தை எடுத்துவிட்டு எம்ஒய்என்என் என்ற திட்டத்தைப் போடுவது, நிலப்பரப்புத் திட்டத்தை மாற்றுவது என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. மாற்றினால் பத்து இருபது நிமிடம் நகரும். இரண்டரை மணி நேரம் நகராது. அதனால் வெளியீட்டை விட்டுவிட்டு உள்ளீட்டைத் திறந்தேன். தொடக்க நேரத்தின் தரைமேற்பரப்பு வெப்பநிலையை, நிலத்தை மறைத்துவிட்டுக் கடலை மட்டும் வரைந்து பார்த்தால் விஷயம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. நடுக்கடலில் 302.5 கெல்வின், அதாவது 29 டிகிரிக்குச் சற்று மேல். கரையை ஒட்டிப் பழவேற்காட்டிலிருந்து கோவளம் வரை ஒரு பட்டை, 306, 307 கெல்வின். அந்தப் பட்டையின் கிழக்கு விளிம்பு கரையின் வளைவைப் பின்பற்றாமல் படிப்படியாக, சதுரமாக இறங்கியது. இயற்கையான கடல் அப்படிச் சதுரமாக இருக்காது. தரவின் கட்டம் அங்கே முத்திரை குத்தியிருக்கிறது.

நடந்தது இதுதான். ஈஆர்ஏ5-ல் கடல் வெப்பநிலை, கடல் என்று கணக்கிடப்பட்ட கட்டங்களுக்கு (சதுரங்களுக்கு) மட்டுமே உண்டு. சென்னைக் கரை மேல் விழும் 27 கிலோமீட்டர்க் கட்டத்தில் பாதிக்கு மேல் நிலம் என்றால் அது நிலக் கட்டம். கடல் வெப்பநிலை அங்கே காலி. நம் 1 கிலோமீட்டர்க் கட்டத்திலோ அதே இடத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலத்துக்கு உண்மையான கடல் இருக்கிறது. இடைச்செருகல் செய்யும், அதாவது தரவின் மதிப்புகளை நம் கட்டத்துக்கு மாற்றிக் கணக்கிடும் மெட்கிரிட் நிரல், சுற்றிலும் நான்கு புள்ளியும் இருந்தால்தான் மதிப்புக் கணக்கிடும். இல்லையென்றால் பூஜ்யம் எழுதிவிடும். அடுத்து வரும், தொடக்கக் கோப்பைத் தயாரிக்கும் ரியல் நிரல் அந்த மதிப்பைச் சோதிக்கிறது: 170 கெல்வினுக்கும் 400 கெல்வினுக்கும் இடையில் இருந்தால் ஏற்றுக்கொள்ளும், இல்லாவிட்டால் தோல் வெப்பநிலையை (நிலமோ நீரோ, மேற்பரப்பின் வெப்பநிலையை) எடுத்துக்கொள்ளும். கரையோரக் கட்டத்தில் தோல் வெப்பநிலை என்பது பெரும்பாலும் நிலத்தின் வெப்பநிலை. நான் ரன்னைத் தொடங்கியது மாலை ஐந்தரைக்கு. நாள் முழுக்கக் காய்ந்த தரையின் சூடு கடலுக்கு ஒட்டிக்கொண்டது. கடல் வெப்பநிலையை ஓடும்போது புதுப்பிக்கும் ஸ்விட்ச் இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால், அந்த மாலைச் சூடு மறுநாள் மதியம் வரை மாறாமல் அங்கேயே இருந்தது.

எங்கும் பிழைச் செய்தி வராது. ரன் வெற்றிகரமாக முடிந்தது என்றுதான் கடைசி வரி சொல்லும். இதுதான் இதில் ஆபத்தான பகுதி. கரையோர நகரங்களைப் பற்றி இந்த மாடலை வைத்து எத்தனையோ பேர் முடிவுகள் எடுக்கிறார்கள்: புகைபோக்கிப் புகை எந்தப் பக்கம் போகும், வெப்ப அலையின்போது எந்த வார்டுக்கு முதலில் தண்ணீர்ப் பந்தல் வேண்டும் என்பது வரை. தொடக்கக் கோப்பில் கடலை மட்டும் வரைந்து பார்க்கும் இந்த ஐந்து நிமிட வேலையை ஒருவரும் தவிர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

நான்கு டிகிரிச் சூடு ஏன் இரண்டரை மணி நேரத்தைத் தின்கிறது? கடற்காற்றின் பலம் நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து வருகிறது. எதிர்த்து நிற்பது மேற்குக் காற்று. இந்தப் போட்டியில் எதிர்க்காற்றின் வேகம் இருமடியாகக் கணக்கில் வரும்: காற்று இரண்டு மடங்கானால் அதை வெல்ல நான்கு மடங்கு வெப்ப வேறுபாடு வேண்டும். மே இறுதியில் மேற்குக் காற்று ஏற்கெனவே பலமாக இருக்கிறது. வேறுபாட்டில் ஒவ்வொரு டிகிரியும் முக்கியம். அதில் நான்கை எடுத்துவிட்டால் நிலம் இன்னும் நான்கு டிகிரி காயும் வரை கடற்காற்று காத்திருக்க வேண்டியதுதான்.

சரிசெய்தது

முதல் படி, மெட்கிரிட் அட்டவணைக் கோப்பில் கடல் வெப்பநிலைக்கான பத்தி. அதில் இடைச்செருகல் முறைகளின் வரிசை பதினாறு புள்ளி, நான்கு புள்ளி என்பதோடு முடிந்திருந்தது. அதன் பின்னால் எடையிட்ட சராசரி முறையையும், கடைசியாகத் தேடல் முறையையும் சேர்த்தேன். அப்படிச் செய்தால் பக்கத்தில் எங்கே கடல் மதிப்பு இருக்கிறதோ அதைத் தேடி எடுத்து நிரப்பும். நிலப் புள்ளிகளை விலக்கும் முகமூடி வரியும் அதே பத்தியில் வேண்டும். இதைச் செய்ததுமே சூடான பட்டை போய்விட்டது. அவசரத்துக்கு இதுவே போதும்.

ஆனால் இப்படி நிரப்புவது நடுக்கடலின் வெப்பநிலையைக் கரை வரை இழுத்துவந்து ஒட்டுவதுதான். மே, ஜூனில் சென்னைக் கரையில் உண்மை அப்படி இல்லை. தெற்கு, தென்மேற்கிலிருந்து கரைக்கு இணையாகக் காற்று வீசும்போது, பூமி சுழல்வதால் மேற்பரப்பு நீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறும். காற்று அப்படித் தொடர்ந்து வீசினால் கரைப் பக்கத் தண்ணீர் நடுக்கடலை விடக் குளிர்ந்துபோகும்.

அதனால் இரண்டாம் படி, எம்யுஆர் என்ற தினசரிக் கடல் வெப்பநிலைத் தரவு. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் தருகிறது, 0.01 டிகிரி இடைவெளி, 2002-லிருந்து இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேகம் மூடினால் அகச்சிவப்பு உணரிகள் பார்க்க முடியாது. மேகத்தை ஊடுருவும் மைக்ரோவேவ் உணரிகளோ கரைக்கு அருகே நிலத்தின் கலப்பால் பயன்படாது. மேகமான நாட்களில் கரையோர மதிப்பு பெரும்பாலும் பக்கத்து நாட்களிலிருந்து ஊகித்து நிரப்பியதுதான். மே மாதம் வானம் பெரும்பாலும் தெளிவு என்பதால் நம் தேவைக்குப் பொருந்துகிறது. நவம்பர் மழைக்கு இதே நம்பிக்கையை வைக்கமாட்டேன்.

எம்யுஆர் நெட்சிடிஎஃப் வடிவில் வருகிறது. மெட்கிரிட் படிப்பது தனக்கென்று ஒரு இடைநிலை பைனரி வடிவத்தை. பைவின்டர் என்ற பைத்தான் நூலகம் இந்த மாற்றத்தைச் செய்துவிடும். கவனிக்க வேண்டியவை: அலகு கெல்வினாக இருக்க வேண்டும், நிலப் புள்ளிகளுக்கு மெட்கிரிட் அட்டவணையில் எழுதியிருக்கும் அதே வெற்று மதிப்பைக் கொடுக்க வேண்டும், மட்டத்தின் எண் 200100, அதாவது தரைமட்டம். எழுதிய கோப்பைக் கூடவே வரும் படிப்பான் நிரலால் திறந்து, நான்கு மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருநாள் ரன் என்றால் அந்தக் கோப்பை மாறாத தரவாகக் கொடுத்துவிடலாம். பல நாள் என்றால் ஒவ்வொரு ஆறு மணிக்கும் ஒரு கோப்பு செய்து, புதுப்பிக்கும் ஸ்விட்சையும் போட வேண்டும்.

இந்தத் தேடல் முறைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. ஏரிகளுக்கும் அது கடலின் வெப்பநிலையைத் தேடிக் கொடுத்துவிடும். செம்பரம்பாக்கத்துக்கு வங்கக் கடலின் 29 டிகிரியைக் கொடுத்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் வெளிக் கட்டத்தில் கர்நாடக மேட்டுநிலத்து அணைகள் இருக்கின்றன, அங்கே இரவு முழுக்க வெந்நீர்த் தொட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். இதற்கு வழி ஏற்கெனவே மாடலோடு வருகிறது. நிலப்பரப்புத் தரவைத் தயாரிக்கும் ஜியோகிரிட் நிரலில் ஏரிகளைத் தனி வகையாகப் பிரித்த நிலப்பயன்பாட்டுத் தரவைத் தேர்ந்தெடுத்து, தரைக்காற்று வெப்பத்தின் தினசரிச் சராசரியைக் கணக்கிடும் சிறு நிரலை ஓட்டினால், ஏரிகளுக்கு அந்தச் சராசரி போய்ச் சேரும். உள்ளீடு முழு நாட்களாக இருந்தால்தான் அந்தச் சராசரி அர்த்தமுள்ளது. பழவேற்காட்டை நான் ஏரி வகையிலேயே வைத்தேன். முகத்துவாரத்தில் கடலோடு கலந்தாலும் அதன் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். வெயில் ஏறினால் கடல் போல அது அசையாமல் இருக்காது, கூடவே சூடாகும்.

இத்தனைக்கும் பிறகு ஓட்டியதில் மீனம்பாக்கத்தில் காற்று இரண்டு மணியை ஒட்டித் திரும்பியது. இயற்பியல் திட்டம் எதையும் தொடவில்லை.

நிலத்துப் பக்கம்

கடலைச் சரிசெய்துவிட்டு நகரத்தை அப்படியே விடுவது நியாயம் இல்லை. மாடலோடு வரும் இயல்பான நிலப்பயன்பாட்டுத் தரவில் பழைய மகாபலிபுரம் சாலையின் பெரும்பகுதி வயல். சோழிங்கநல்லூரில் நெல் விளைகிறது, சிறுசேரியில் புதர். பள்ளிக்கரணை சதுப்புநிலம் எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. உள்ளூர்த் தட்பவெப்ப மண்டலங்கள் என்று நகரத்தைக் கட்டட உயரம், நெருக்கம், மரம், வெற்றிடம் வாரியாகப் பத்துக்கு மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன்படி உலகம் முழுவதற்குமான 100 மீட்டர் வரைபடம் கிடைக்கிறது. அதை டபிள்யூஆர்எஃப் கட்டத்தில் ஏற்றித் தர ஒரு பைத்தான் கருவியும் உண்டு. மாடலின் நான்காம் பதிப்பில் 4.3 முதல் இந்த வகைகளை நேரடியாகப் படிக்கும்.

இதைச் சேர்த்ததும் காற்று வந்த நேரம் சில நிமிடங்கள் பின்னால் போனது. மெட்டாரோடு ஒப்பிட்டால் நேரம் மோசமானதுதான். ஆனால் நான் அதைத் திருப்பி எடுக்கவில்லை. கட்டடங்களின் சொரசொரப்பு கடற்காற்றின் முகப்பை மெதுவாக்குவது உண்மையில் நடப்பது. நுங்கம்பாக்கத்தின் வெப்பச் சரிவும், காற்று வந்த பிறகான வேகமும் இப்போது அளவீட்டோடு நன்றாகவே பொருந்தின. நிலப்பயன்பாட்டை மாற்றும் முன்பு வேகம் ஒன்றரை மடங்கு கூடுதலாக வந்துகொண்டிருந்தது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்து நேரத்தை மட்டும் சரியாகக் காட்டியதை விட, இது எவ்வளவோ மேல். மீதமிருக்கும் வித்தியாசத்துக்கு மண் ஈரம் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து வறண்ட ஏரிப்பாசன நிலத்தை ஈஆர்ஏ5 சற்று ஈரமாக வைத்திருக்கிறது போல் தெரிகிறது.

கடலையும் ஓட விட்டது

இதுவரை கடல் ஒரு நிலையான படம். காற்று அதன் மேல் வீசினாலும் அது அசையாது. உண்மையில் காற்று கடலைக் கலக்குகிறது, கலங்கிய கடல் திரும்பக் காற்றை மாற்றுகிறது.

டபிள்யூஆர்எஃப்பிலேயே எளிய கலப்படுக்குக் கடல் ஒன்று இருக்கிறது; கலப்படுக்கு என்பது காற்றால் கலக்கப்பட்ட மேல் நீர். ஒரு எண்ணை மாற்றினால் ஓடத் தொடங்கும், கணினி நேரமும் அதிகம் ஆகாது. அதில் கலப்படுக்கின் தொடக்க ஆழம் இயல்பாக 50 மீட்டர். நம் கரையில் இதை அப்படியே விட முடியாது. கரையிலிருந்து பல கிலோமீட்டர் போனாலும் தண்ணீரின் மொத்த ஆழமே அவ்வளவு இருக்காது. மேலும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தனிக் கிணறு மாதிரி நின்றுகொண்டு மேலும் கீழும் மட்டும் கலக்கிறது. பக்கத்து நீர் வந்து சேர்வதும் இல்லை, கரை என்ற ஒன்று அதற்குத் தெரியவும் தெரியாது. அதனால் மேலே சொன்ன குளிர்நீர் ஏற்றம் அதில் வரவே வராது. ஆழ்கடலில் புயலுக்கு அடியே கடல் குளிர்வதைப் பார்க்க இது உபயோகமானது. கடற்காற்றுக்கு இதைப் போட்டுப் பார்த்து அணைத்துவிட்டேன்.

சரியான வழி ஒரு முழுக் கடல் மாடலை இணைப்பதுதான். கோஸ்ட் என்று உச்சரிக்கப்படும் தொகுப்பு ஒன்றை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வுட்ஸ் ஹோல் மையம் உருவாக்கியது. அதில் டபிள்யூஆர்எஃப், ரோம்ஸ் என்ற கடல் மாடல், ஸ்வான் என்ற அலை மாடல் மூன்றும் ஒன்றோடொன்று பேசும். நான் அலையை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் இணைத்தேன். ரோம்ஸ் 2 கிலோமீட்டர்க் கட்டம், 30 அடுக்கு. கடலடி ஆழத்துக்கு கெப்கோ என்ற உலகக் கடலடி வரைபடம். தொடக்கத்துக்கும் எல்லைக்கும் ஹைகாம் என்ற உலகக் கடல் மாடலின் தரவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ரோம்ஸ் மேற்பரப்பு வெப்பநிலையைக் கொடுக்கும், டபிள்யூஆர்எஃப் காற்றின் இழுவிசையையும் வெப்பப் பாய்ச்சலையும் திருப்பிக் கொடுக்கும்.

ரோம்ஸின் அடுக்குகள் கடலடியின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றி வளைபவை. சென்னைக்கு வெளியே கண்டத் திட்டு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி) முடிந்ததும் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டருக்குச் சரிகிறது. அந்தச் சரிவை அப்படியே கொடுத்தால், காற்றே இல்லாமல் நிறுத்தி வைத்த கடலில்கூடப் பொய்யான நீரோட்டம் பிறக்கும். அதனால் ஆழ வரைபடத்தை வழுவழுப்பாக்க வேண்டும். வழுவழுப்பாக்கினால் திட்டின் விளிம்பு கரைப் பக்கம் நகர்ந்து, ஆழமற்ற பகுதி ஆழமாகிவிடுகிறது. நமக்கு முக்கியமானதோ அந்த ஆழமற்ற பகுதிதான். 100 மீட்டருக்கு உட்பட்ட பகுதியைப் பூட்டி வைத்துவிட்டுச் சரிவை மட்டும் மென்மையாக்கினேன். பிறகு காற்று, வெப்பம் எதுவும் கொடுக்காமல், கிடைமட்டமாக ஒரே அடர்த்தி வைத்துக் கடலைத் தனியாக ஓட்டி, எழும் நீரோட்டம் விநாடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்த்த பின்பே இணைத்தேன்.

இணைத்ததும் சூடான பட்டை இன்னொரு வேஷத்தில் திரும்ப வந்தது. டபிள்யூஆர்எஃப்பின் கரைக்கோடும் ரோம்ஸின் கரைக்கோடும் ஒன்றல்ல. எண்ணூர் முகத்துவாரம், துறைமுகத்தின் உள்பகுதி, அடையாறு முகத்துவாரம், பழவேற்காடு எல்லாம் ஒன்றில் தண்ணீர், மற்றதில் நிலம். டபிள்யூஆர்எஃப் தண்ணீர் என்று நினைக்கும் இடத்தில் ரோம்ஸ் எதுவும் அனுப்புவதில்லை. அங்கே பழைய மதிப்பு உறைந்துபோய் நிற்கும், பக்கத்துக் கட்டம் குளிர்ந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு செயற்கையான வெப்பக் கோடு, அதன் மேல் செயற்கையான காற்று. கடல் எது, நிலம் எது என்று குறிக்கும் இரண்டு மாடல்களின் முகமூடிகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்து, ஒத்துப்போகாத ஒவ்வொரு கட்டத்தையும் கையால் தீர்மானித்துத் திருத்தினேன். கடல் என்று முடிவான இடத்தில் ரோம்ஸுக்கும் கடல். மற்ற நீர்நிலைகளை ஏரி வகைக்குத் தள்ளிவிட்டேன். திருத்திய பிறகு, இரண்டு கட்டங்களுக்கும் இடையே மதிப்புகளை மாற்றித் தரும் இணைப்பு எடைக் கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும், பழையதை வைத்துக்கொண்டால் திருத்தம் எதுவும் போய்ச் சேராது. தானாகச் செய்யும் ஸ்க்ரிப்ட் எழுதியிருக்கலாம் என்று சொல்வார்கள். சென்னை வரம்புக்குள் அது சில டஜன் கட்டங்கள்தான். ஒவ்வொன்றும் எந்த இடம் என்று தெரிந்தவர் பார்த்து முடிவு செய்வதே நம்பகமானது.

ஒரு வாரம் கரைக்கு இணையான தெற்குக் காற்றோடு ஓட்டியதில், கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வரை நீர் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்ந்தது. குளிர்ச்சி உடனே வரவில்லை, இரண்டு நாளுக்கு மேல் பிடித்தது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பூமிச் சுழற்சியின் விளைவு மெதுவானது. 13 டிகிரி அட்சரேகையில் அதன் இயல்பான காலம் சுமார் 53 மணி நேரம். கலிஃபோர்னியாக் கரையைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே ஒரே நாளில் குளிர்நீர் மேலே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அந்த ஒரு டிகிரியால் கடற்காற்று சற்றே முன்னதாக, சற்றே பலமாக வந்தது. அதே நேரம் குளிர்ந்த நீருக்கு மேல் காற்று படிந்து அடங்கிவிடுவதால் மேல் காற்றோடு கலப்பது குறைகிறது. உள்ளே வரும் காற்றின் தடிமனும் குறைகிறது. மெல்லிய காற்று தாம்பரத்தைத் தாண்டும்போதே சூடாகிவிடுகிறது. பெசன்ட் நகருக்குக் கிடைக்கும் லாபம் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிடைப்பதில்லை.

என் முடிவு இது. நாளை மதியம் கடற்காற்று எப்போது வரும் என்ற கேள்விக்கு முழு இணைப்பு தேவையில்லை. நல்ல கடல் வெப்பநிலைத் தரவு, சரியான மெட்கிரிட் அட்டவணை, நம் காலத்து நகரத்தின் நிலப்பயன்பாடு, இவை மூன்றும் இருந்தால் வீட்டுக் கணினியே போதும். முழு இணைப்பு ஒரு வாரத்துக்கு மேற்பட்ட கணக்குகளுக்கும், அதைவிட முக்கியமாகப் புயலுக்கும். கடல் தரவு மட்டும் வேண்டும் என்பவர்கள் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையத்தின் தரவுகளையும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது கையில் எடுத்திருப்பது 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3, 4 தேதிகளில் அது கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்து சென்னையை மூழ்கடித்துவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலின் மேலே ஆற்றுநீரும் மழைநீரும் சேர்ந்த நன்னீர்ப் படலம் ஒன்று மிதக்கும். உப்பு குறைந்த அந்த லேசான நீர் மூடிபோல் இருப்பதால், புயல் கலக்கினாலும் அடிக் குளிர்நீர் எளிதில் மேலே வராது. அதனால் இந்த முறை வெப்பநிலையோடு உப்புத்தன்மையும் சரியாக இருக்க வேண்டும். ஹைகாமின் தொடக்க உப்புத்தன்மையை கடலுக்குள் மூழ்கி எழுந்து அளவெடுக்கும் ஆர்கோ மிதவைகளின் அந்த வாரத்து அளவீடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்; கரைக்கு அருகே மிதவைகள் இல்லாத பகுதிக்கு என்ன செய்வது என்பதுதான் அடுத்த வேலை. மெட்கிரிட் பத்தி, எம்யுஆர் மாற்றும் பைத்தான் ஸ்க்ரிப்ட், சென்னைக்குத் திருத்திய முகமூடிக் கோப்பு மூன்றும் என்னிடம் தயாராக இருக்கின்றன. புதுச்சேரிக்கோ தூத்துக்குடிக்கோ இதை ஓட்ட நினைப்பவர்கள் முகமூடியை மட்டும் புதிதாகச் செய்துகொண்டால் போதும்.